ஹேஸ்டிங்ஸில் ஓர் ஆட்டம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் பேச ஒப்புக்கொண்டு போய்விட்டேன். என்ன பேசுவது என்று மேடை ஏறும் வரையில் தீர்மானமாகவில்லை. எனக்கு முன்னால் பேசியவர் விளையாட்டுப் பரிசுகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்ததும், எங்கேயோ படித்திருந்த ஒரு சமாசாரம் ஞாபகத்துக்கு வந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். பஞ்சாபில் ஒரு வேலைக்காரன்; எழுதப் படிக்கத் தெரியாதவன். எஜமானோடு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகிறான். அங்கே சதுரங்க உலகத்தின் சக்கரவர்த்தியோடு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவரைத் தோற்கடித்துவிட்டு, மறுபடியும் எஜமான் வீட்டுச் சாப்பாட்டு மேஜையருகே தட்டு ஏந்தி நிற்கிறான். நாவல் எழுதுகிறவனுக்குக் கதையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும் அல்லவா? தட்டு ஏந்தி நின்ற இடத்தில் நிறுத்தினேன். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "ஸார், ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றார்.

"கேளுங்கள், இதில் கோபம் என்ன?"

"அந்த ஆட்டத்தைத் தாங்கள் பலகையில் வைத்து ஆடிப் பார்த்ததுண்டோ?"

நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நான் பேசிக்கொண்டிருந்தபோதே அதைத் தேடிப் பிடித்து வைத்திருப்பார் போலிருக்கிறது. மணி மணியான கையெழுத்தில் 65 வரிகள். காகிதத்தைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, பேரனுடைய சதுரங்கப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதற்கு முன்னால் அந்த இரண்டு மனிதர்களையும் வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். மேடையில் நான் அதைச் சரியாகச் செய்யவில்லை.

ஹோஸே ராவுல் காபாபிளாங்கா கியூபா தேசத்துக்காரர். 1888-ல் பிறந்தவர். நாலு வயசில் அப்பா ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே ஆட்டம் கற்றுக்கொண்டார் என்பார்கள். 1916-லிருந்து 1924 வரை எட்டு வருஷ காலம் போட்டிகளில் ஓர் ஆட்டம்கூட அவர் தோற்றதில்லை. 1921-ல் உலக சாம்பியன் ஆனார்; 1927-ல் போனஸ் அயர்ஸ் நகரில் அலெகைன் என்ற ருஷ்யரிடம் பட்டத்தை இழந்தார். இழந்தாலும் அவருடைய மவுசு குறைந்துவிடவில்லை. 'சதுரங்க யந்திரம்' என்றே அவரை அழைத்தார்கள். பார்ப்பதற்கு சினிமா நடிகர் மாதிரி இருப்பார். நடை உடையெல்லாம் ராஜதந்திரியின் தோரணை. கியூபாவின் வெளிநாட்டு இலாகாவில் அவருக்கு உத்தியோகமும் இருந்தது.

மீர் சுல்தான் கான் பஞ்சாபில் மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தார். 1903 என்பாரும் உண்டு, 1905 என்பாரும் உண்டு. அந்தப் பகுதி இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. ஒன்பது வயசில் தகப்பனாரிடம் ஆட்டம் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டது நம் நாட்டு ஆட்டம். மேல்நாட்டுச் சட்டப்படி ஆடும் சதுரங்கம் அல்ல. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

எனக்கே அந்த அனுபவம் உண்டு. சின்ன வயசில் எங்கள் மாமாவிடம் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஆட்டத்தை நம்பிப் பட்டணத்துக் கிளப் ஒன்றுக்குப் போய்ப் பலகை முன் உட்கார்ந்தேன். எதிரே இருந்த பையன் எடுத்த எடுப்பில் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். "என்னடா இது அக்கிரமம்?" என்று கேட்டுவிட்டேன். கிளப் முழுவதும் சிரித்தது. நாட்டு ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் தடவையும் ஒரே கட்டம்தான். ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய் யானையை இப்பால் வைத்துக் கோட்டை கட்டுகிற வித்தையும் அதில் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். சிப்பாய் கடைசி வரிசையை அடைந்தால் எடுத்த உடனே ராணியாகிவிட முடியாது. அந்த இடத்தில் ஆரம்பத்தில் எந்தக் காய் நின்றதோ அந்தக் காயாகத்தான் மாறும். இதையெல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றியும் ஆடுவார்கள். மொத்தத்தில் நாட்டு ஆட்டம் மெதுவாக நடக்கும். இரண்டு படைகளும் வெகு நேரம் தொட்டுக்கொள்ளாமலே அணி வகுத்து நிற்கும். மேல்நாட்டார் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களைப் பற்றி எழுதி வைத்திருக்கும் புத்தகங்கள் ஓர் அறை கொள்ளாது. நாட்டு ஆட்டக்காரனுக்கு அதெல்லாம் தெரியாது. பொறுமையும், ஆட்டத்தின் பின்பாதியைப் பற்றிய ஞானமும்தான் அவனுடைய சொத்து.

சுல்தான் கானின் திறமையைக் கண்டு அவரைத் தம் பரிவாரத்தில் சேர்த்துக்கொண்டவர் சர் உமர் ஹயாத் கான் திவானா. பெரிய ஜமீன்தார். வெள்ளைக்கார சர்க்காருக்கு வேண்டியவர். (இவருடைய மகன் கிஸர் ஹயாத் கான்தான் 1942-லிருந்து 1947 வரை பஞ்சாபின் பிரதம மந்திரியாக இருந்தவர்.) இவர் வீட்டில்தான் சுல்தான் கான் மேல்நாட்டுச் சட்டங்களைப் பயின்றார். 1928-ல் அகில இந்திய சாம்பியன் ஆனார்: எட்டு வெற்றி, ஒரு சமன், தோல்வி இல்லை. 1929 வசந்த காலத்தில் சர் உமர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே பயிற்சிக்கென்று ஒரு சின்னப் போட்டி நடத்தினார்கள். சுல்தான் கான் அதில் கடைசி இடத்தை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டார். விண்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கில ஆட்டக்காரர்கள் இரக்கப்பட்டு ஆரம்ப நகர்த்தல்களில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதே கோடையில் ராம்ஸ்கேட்டில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியில் அவர் முதலாவதாக வந்தார். பாடம் சொன்னவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி 1930 டிசம்பருக்கு வருவோம். லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு நடந்துகொண்டிருக்கிறது. இந்தியாவுக்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று மகாராஜாக்களும் மிதவாதிகளும் மந்திரிகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காங்கிரஸ் அதில் கலந்துகொள்ளவில்லை. காந்திஜி எரவாடா சிறையில் இருக்கிறார். இந்த நிலையில் லண்டனுக்குத் தெற்கே, கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில், வருஷா வருஷம் கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கும் சதுரங்கப் போட்டி தொடங்கியது. ஹேஸ்டிங்ஸ் என்றால் நமக்கெல்லாம் 1066-ம் வருஷத்துச் சண்டைதான் பள்ளிக்கூடத்துப் பாடமாக மனசில் நிற்கும். சதுரங்கக்காரர்களுக்கு 1895-ம் வருஷம்தான் கணக்கு. அந்த வருஷத்தில் பில்ஸ்பரி என்ற 22 வயசு அமெரிக்கப் பையன், யாரும் எதிர்பாராமல், உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் தாண்டி முதல் பரிசை அந்த ஊரில்தான் தட்டிக்கொண்டு போனான்.

முந்தைய வருஷத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய காபாபிளாங்கா இந்தத் தடவையும் வந்திருந்தார். சுல்தான் கானும் வந்திருந்தார். இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மலேரியா ஒரு பக்கம், தொண்டை வலி ஒரு பக்கம். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பல ஆட்டங்களுக்கு வந்து உட்காருவாராம்.

இரண்டு ஆட்டக்காரர்களின் தராதரத்தைப் புள்ளி போட்டுச் சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது. ஆர்பாட் ஈலோ என்ற பேராசிரியர் வகுத்த கணக்கு முறையைச் சர்வதேச சதுரங்க சம்மேளனம் 1970-ல்தான் ஏற்றுக்கொண்டது. அந்தப் பேராசிரியர் பழைய ஆட்டக்காரர்களுக்கும் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். காபாபிளாங்காவின் உச்ச காலத்துக்கு 2725, சுல்தான் கானுக்கு 2530 என்று வந்தது. 195 புள்ளி வித்தியாசம். அதாவது இவர்கள் இருவரும் நூறு ஆட்டம் ஆடினால், சமனுக்கு அரைப் புள்ளி என்று வைத்துக்கொண்டால், இளையவருக்குச் சுமார் 25 புள்ளி கிடைக்க வேண்டும். இதைப் படித்தபோது என் மேடைப் பேச்சின் முதுகெலும்பு கொஞ்சம் வளைந்தது. நாலில் ஒரு பங்கு என்பது ஏற்றத்தாழ்வுதான். ஆனால் அற்புதம் என்று சொல்லிக் கைதட்டும்படியான ஏற்றத்தாழ்வா?

சரி, பலகைக்கு வருகிறேன். வெள்ளைக் காய் சுல்தான் கானுக்கு. கறுப்பு காபாபிளாங்காவுக்கு. அவர் ஆடிய அணிவகுப்புக்கு 'ராணிப் பக்கத்து இந்தியத் தற்காப்பு' என்று பெயர். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் கல்கத்தாவில் வக்கீலாக இருந்த காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரோடு மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி ஆடிய தினுசைப் பார்த்துத்தான் 'இந்திய' என்ற அடைமொழி இந்த வகை ஆட்டங்களுக்கு வந்தது. ஆக, இந்தியனுக்கு எதிராக இந்தியத் தற்காப்பை ஆடியவர் கியூபாக்காரர்!

ஐந்தாவது நகர்த்தலில் சுல்தான் கான் இடது ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னால் வைத்தார். திண்ணை ஆட்டக்காரனின் நகர்த்தல் என்று அன்று யாராவது முகத்தைச் சுளித்திருக்கலாம். அதே அணிவகுப்பில் அதே சிப்பாயை அதே ஒரு கட்டம் நகர்த்துவதைப் பிற்காலத்தில் பெட்ரோசியனும் காஸ்பரோவும் பெரிய ஆயுதமாக்கிவிட்டார்கள். இன்று அவர்கள் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

பிறகு 20 நகர்த்தல் வரையில் இரு பக்கமும் நெருக்கமாக அணி வகுக்கிறார்கள். காபாபிளாங்கா தம் இரண்டு யானைகளையும் ஒரே நெடுவரிசையில், திறந்த பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டார். அழகான நிலை. சுல்தான் கான் கோட்டை கட்டவே இல்லை. அவருடைய ராஜா ஆரம்பித்த இடத்திலேயே நடுவில் நிற்கிறார். 21-வது நகர்த்தலில் சுல்தான் கானின் மந்திரி பின்னால் நிற்கும் யானையைக் குறி வைக்கிறது. உடனே காபாபிளாங்கா பாய்ந்தார். ஒரு யானை வெள்ளையின் கடைசி வரிசைக்கே போய் ராஜாவுக்குச் செக் வைத்தது. ராஜா ஓரடி முன்னால் வந்தார். அடுத்த யானையும் செக். வேறு வழியில்லை, வெள்ளை ராணி அந்த யானையை வெட்டியது. முதல் யானை ராணியை வெட்டியது. ராஜா அந்த யானையை வெட்டினார். நாலு நகர்த்தலில் பலகையே மாறிவிட்டது. சுல்தான் கானிடம் ராணி இல்லை. காபாபிளாங்காவிடம் யானைகள் இல்லை.

ராணிக்கு ஒன்பது, யானைக்கு ஐந்து என்பது சாதாரணக் கணக்கு. இரண்டு யானை பத்து. ஆனால் மனுஷ மனம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. எதிராளியிடம் ராணி இருந்து நம்மிடம் இல்லாவிட்டால் அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி ஏற்படத்தான் செய்யும். காபாபிளாங்கா இதைத்தான் எதிர்பார்த்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவருடைய ராணி சீக்கிரமாகவே வெள்ளைப் பிரதேசத்துக்குள் நுழைந்து ஒரு சிப்பாயை முறைத்தது. சுல்தான் கான் ஒரு யானையை அதற்குக் காவலாக நகர்த்தினார். அவ்வளவுதான். ராணிக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

இதற்கு அப்புறம் நடந்தது நாற்பது நகர்த்தல். மேடையில் இதைச் சொல்லி யாரையும் கைதட்ட வைக்க முடியாது. நான் முதலில் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன், தூக்கம் வந்தது. மறுநாள் பலகையைத் திருப்பி வைத்துக் கறுப்புப் பக்கம் உட்கார்ந்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. என் மந்திரிக்கு எதிரே என் சிப்பாயே சுவராக நிற்கிறது. என் குதிரை ஒரு சிப்பாயைக் காத்துக்கொண்டு கடைசி வரிசையில் கட்டுண்டு கிடக்கிறது. என் ராணிக்கு எங்கே வேண்டுமானாலும் போகச் சுதந்திரம் உண்டு. போய்ச் செய்வதற்குத்தான் காரியம் இல்லை. 35-வது நகர்த்தலிலிருந்து 41-வது நகர்த்தல் வரை, ஏழு தடவை, காபாபிளாங்கா செய்ததெல்லாம் ராணியை வலது ஓரத்தில் எச்-3, எச்-4 என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே மேலும் கீழும் நடக்க விட்டதுதான். கூண்டுக்குள் புலி உலாவுவதை மிருகக்காட்சிச் சாலையில் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சமயத்தில் சுல்தான் கானின் ராஜா யாத்திரை கிளம்பிவிட்டார். டி-2 கட்டத்திலிருந்து புறப்பட்டு இடது பக்கமாகவே நடந்து பலகையின் ஓரம் வரைக்கும் போனார். திரும்பினார். மூலையில் போய் உட்கார்ந்தார். மறுபடி எழுந்து வந்தார். 60-வது நகர்த்தலில் புறப்பட்ட அதே டி-2 கட்டத்துக்கு வந்து சேர்ந்தார். காரியமில்லாமல் திரிந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த இடைவேளையில் வலது பக்கத்துச் சிப்பாய்களைப் பூட்டுப் போட்டுப் பூட்டியாயிற்று. இடது பக்கத்தில் சிப்பாயைத் தள்ளி எதிரியின் சிப்பாயை ஒருநாளும் அசைய முடியாமல் நிறுத்தியாயிற்று. திறந்த பாதை முழுவதும் வெள்ளை யானைகளின் வசம் வந்தாயிற்று. 53-வது நகர்த்தலில் ஒரு யானை உள்ளே நுழைந்தது. 61-ல் சிப்பாயை வெட்டியது. 63-ல் வெள்ளைச் சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வந்தது. ராணியாவதற்கு இரண்டே கட்டம் பாக்கி. 65-வது நகர்த்தலைப் பார்த்ததும் காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த ஆட்டத்தில் மின்னல் வீச்சு ஏதாவது இருந்தால் அது காபாபிளாங்கா வீசியதுதான். அது வெளிச்சம் காட்டிவிட்டு அணைந்த பிறகு மிச்சமிருந்த இருட்டில் யார் வழி கண்டு நடப்பது என்பதே பந்தயமாக இருந்தது. நான் மேடையில் சொன்ன வேலைக்காரனுக்கு இது முடியாது. 'ஏதோ தெய்வாதீனமாக ஜெயித்துவிட்டான்' என்ற தொனி என் பேச்சில் இருந்தது. கைதட்டியவர்களும் அதற்குத்தான் கைதட்டினார்கள். காபாபிளாங்காவே அப்படி நினைக்கவில்லை. மேல்நாட்டுச் சட்டங்கள் பழகாமல், புத்தகப் பயிற்சியும் இல்லாமல் வந்து ஒருவர் சாம்பியன் ஆவதென்றால் அது அசாதாரணமான மேதை என்ற பொருளில் அவர் பின்னால் எழுதினார்.

போட்டியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். முதல் பரிசு ஹாலந்துக்காரரான மாக்ஸ் ஊவேயுக்கு. இரண்டாவது, தோற்ற காபாபிளாங்கா. மூன்றாவது, ஜெயித்த சுல்தான் கான். கதை எழுதுகிறவன் இப்படி முடித்தால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அடுத்த மூன்று வருஷமும் அவர் ஐரோப்பாவில் ஆடினார். 1931-ல் டார்டகோவரை நேருக்கு நேர் போட்டியில் வென்றார். அதே வருஷம் பிராகாவில் நடந்த ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதல் பலகையில் உட்கார்ந்து ஃபுளோரையும் ரூபின்ஸ்டைனையும் தோற்கடித்தார். உலக சாம்பியன் அலெகைனோடு சமன் செய்தார். 1932-லும் 1933-லும் மறுபடி பிரிட்டிஷ் சாம்பியன். அந்த 1933-ல் பெண்கள் பட்டத்தை வென்ற மிஸ் பாத்திமாவும் சர் உமரின் வீட்டைச் சேர்ந்தவரே. அந்த வருஷக் கடைசியில் சர் உமர் தாய்நாடு திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். ஐரோப்பா அவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. 1935-ல் காடில்கரோடு ஒரு போட்டி ஆடி வென்றார். அத்தோடு சரி. 1966 ஏப்ரலில் சர்கோதாவில் காலமானார்.

தட்டு ஏந்திய கதைக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன் 1933-ல் தம் குழுவினரோடு சர் உமரின் லண்டன் வீட்டுக்கு விருந்துக்குப் போனதாகவும், அங்கே தங்களுக்குப் பரிமாறியவர் சுல்தான் கான்தான் என்றும், கூச்சத்தால் தவித்துப்போனதாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் சுல்தான் கானின் குடும்பத்தார் இந்தப் படத்தை முழுவதும் ஒப்புக்கொள்வதில்லை. அவர் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர், படிப்பறிவு உள்ளவர், வேலைக்காரர் என்பது பிறத்தியார் கட்டிய கதை என்று அவருடைய பேத்தி 2020-ல் எழுதினார். எது எவ்வளவு தூரம் உண்மை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. விருந்தாளிகளுக்குப் பரிமாறுவது நம்மில் எத்தனையோ வீடுகளில் வீட்டுப் பிள்ளை செய்கிற காரியம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அமெரிக்கருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. 'எழுதப் படிக்கத் தெரியாதவன்' என்று நான் மேடையில் சொன்னேனே, அதை யார் என்னிடம் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. கதைக்கு நன்றாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

தம் குழந்தைகளுக்கு அவர் சதுரங்கம் சொல்லிக் கொடுக்கவில்லையாம். இதைவிடப் பிரயோஜனமான காரியம் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் என்று அவர் மகன் நினைவு கூர்ந்திருக்கிறார். 2024 பிப்ரவரியில் சர்வதேச சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. காலமாகி 58-வது வருஷம். பட்டத்தை அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அதே பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. அதே கதையைச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தடவை மேடையில் ஒரு பெரிய கரும்பலகை வேண்டும் என்று எழுதிப் போட்டேன். 64 கட்டம் வரைந்து, காய்களைக் காகிதத்தில் வெட்டி ஒட்டி, 65 நகர்த்தலையும் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினேன். யானைகள் பாய்ந்த வரைக்கும் சபை என்னோடு இருந்தது. ராஜா யாத்திரை கிளம்பியதும் முன்வரிசைப் பிரமுகர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பின்வரிசைப் பையன்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நாற்பதாவது நகர்த்தலில் பாதி நாற்காலி காலி. கடைசி வரிசை ஓரத்தில் அந்தத் தந்தி இலாகாப் பெரியவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் காகித ராணியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும், "எச்-3... எச்-4... எச்-3..." என்று எனக்கு முந்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.